ஜெனரேட்டரா, சோலாரா: மலையோர சுகாதார நிலையத்துக்கு எது தாங்கும்?

பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் மருத்துவமனை என்று பேச்சு வந்தாலே, மொட்டை மாடியில் நாலு சோலார் பேனல் இருக்கும் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அது போதாது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற இடங்களில் காற்றோடு மழை அடித்தால் மரம் விழுந்து லைன் அறுந்துபோகும். கரண்ட் வர மறுநாள்கூட ஆகலாம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். போர்வெல் தண்ணீரில் பல ஊர்களில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் எதில் பணம் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கரண்ட். மாலை 6 மணிக்குப் போன கரண்ட் காலை 6 மணி வரை வரவில்லை, உள்ளே ஒரு பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்ந்து 250 வாட் என்றால் 12 மணி நேரத்துக்கு 3 யூனிட். குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் 600 வாட், 4 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். சக்ஷன் மெஷின், செல்போன் சார்ஜர் என்று சில்லறையாகக் கொஞ்சம். மொத்தம் 6 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

இந்த 6 யூனிட்டுக்காக 15 கேவிஏ ஜெனரேட்டரை ஓட்டினால், லோடு குறைவாக இருந்தாலும் அது மணிக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்கு டீசல் குடிக்கும். ஒரே இரவில் 18 லிட்டர்! லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ கரியமில வாயு என்றால், கிட்டத்தட்ட 49 கிலோ. புகையும் சத்தமும் பிரசவ அறை ஜன்னல் வழியாக வருவது தனி. மழை இரவில் மலைப்பாதையில் டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது.

சோலாரில் இதே கணக்கு: நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்கு சராசரியாக 4 யூனிட் தரும். மேகமூட்டத்துக்கும் பேட்டரி இழப்புக்கும் கொஞ்சம் கூட்டி 3 கிலோவாட் போட்டால் போதும். மாடியில் 300 சதுர அடி இடம் பிடிக்கும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை மட்டும் பேட்டரியில் மாட்டக் கூடாது, அது ஒன்றே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். பகலில் கரண்ட் இருக்கும்போதே கருவிகளை வேகவைத்து எடுத்துவிட வேண்டியதுதான்.

அப்போ சோலாரே ஜெயித்ததா? முழுசாக இல்லை. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட மழையில் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் முகம் காட்டாது, பேட்டரியும் நிரம்பாது. அதனால் என் ஓட்டு சோலாருக்கு, துணைக்கு ஒரு 5 கேவிஏ ஜெனரேட்டர். 15 வேண்டாம்.

இரண்டில் எதை வாங்கினாலும் வைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையிலேயே ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்து மின்சாரம் நின்றுபோனது. நம் பக்கத்தில் ஜெனரேட்டரைச் சுவரோரம் தகரக் கொட்டகையில் வைப்பார்கள், பேட்டரியை மாடிப்படிக்கு அடியில் தரையில் அடுக்குவார்கள். தண்ணீர் வந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் முழுகும். இடுப்பளவு உயரத்துக்கு மேடை கட்ட ஆகும் செலவு பெரிதில்லை. ஆனால் அது எஸ்டிமேட்டில் வருவதே இல்லை.

பராமரிப்பில்தான் சோலார் பல இடங்களில் தோற்கிறது. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆயுள் 3 முதல் 5 வருடம், அதுவும் டிஸ்டில்டு வாட்டரை ஒழுங்காக ஊற்றினால். லித்தியம் பேட்டரி விலை அதிகம், ஆனால் 10 வருடம் அளவுக்கு உழைக்கும், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. நர்ஸ் அம்மாவுக்கு ஏற்கெனவே ஆயிரம் ரெஜிஸ்டர் இருக்கிறது. பேட்டரி மாற்றும் செலவை டெண்டரிலேயே சேர்க்காவிட்டால் ஐந்தாவது வருடம் பேனல் மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், கீழே இருட்டு. சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு சோலார் போட்டபோது, மாநிலத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிறுவனமான கிரெடா பராமரிப்பையும் கையில் வைத்துக்கொண்டது. காப்பியடிக்க வேண்டியது அதைத்தான்.

“தடுப்பூசி கெட்டுவிடும், அதற்காகவே ஜெனரேட்டர்” என்ற வாதம் பாதி உண்மைதான். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், சரி. ஆனால் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியின் சுவருக்குள்ளேயே ஐஸ் இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம் கரண்ட் கிடைத்தால் சமாளித்துவிடும். ஓர் இரவுக்கு மூடியைத் திறக்காமல் இருந்தாலே போதும். சந்தேகம் வந்தால் குப்பியின் லேபிளில் வட்டத்துக்குள் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பாருங்கள். அது வட்டத்தின் நிறத்துக்கு இருண்டிருந்தால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. கரண்டை நம்பவே முடியாத மலைக் கிராமம் என்றால், பேட்டரியே இல்லாமல் பேனலில் நேரடியாக ஓடும் சோலார் குளிர்பெட்டி இருக்கிறது. வெயில் இல்லாவிட்டாலும் குறைந்தது 3 நாள் தாங்க வேண்டும் என்பது அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் தரம்.

வெயிலுக்கு ஏ.சி.யா, வெள்ளைப் பூச்சா? பிரசவ அறைக்கு ஏ.சி. இருக்கட்டும். மற்ற கூரைக்கெல்லாம் வெள்ளைப் பூச்சு. கரண்ட் போனாலும் வேலை செய்வது அது ஒன்றுதான். பேனல் நிழலும் மாடியைக் குளிர்விக்கும். பேனலுக்காக மேற்குப் பக்கத்துப் புளியமரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், பேனலை நகர்த்துங்கள்.

கடைசியாகத் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற இடங்களில் பிரச்சினை குறைந்திருக்கிறது. ஆனால் அது பம்ப் செய்து வரும் தண்ணீர், மின்தடை நாளில் அதையே நம்ப முடியாது. ஆர்.ஓ. மெஷின் ஃபுளோரைடை எடுத்துவிடும். கூடவே உள்ளே போகும் தண்ணீரில் பாதி, சில சமயம் அதற்கும் மேல், கழிவாகப் போகும். வறட்சி மாவட்டத்தில் இது எனக்கு ஒப்பவில்லை. போர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் பயனில்லை, ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும்.

மழைநீரில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். 1,000 சதுர அடிக் கூரை, வருடத்துக்கு சுமார் 850 மி.மீ. மழை, இழப்பு போக 60,000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். அதில் 20,000 லிட்டர் தொட்டி ஒன்றில் சேமித்தாலே நாளுக்கு 200 லிட்டர் வீதம் குடிக்க 100 நாளுக்கு வரும். ஆட்டோகிளேவிலும் இதை ஊற்றலாம். போர் தண்ணீர் ஊற்றினால் அதைச் சூடாக்கும் காயிலில் உப்பு படிந்து சீக்கிரம் எரிந்துபோகும். முதல் மழையைத் திருப்பிவிட ஒரு வால்வு, தொட்டிக்குக் கொசு வலை, குளோரின். கூரை வேலைக்கு ஆள் வரும்போதே பேனல், வெள்ளைப் பூச்சு, மழைநீர்க் குழாய் மூன்றையும் ஒரே எஸ்டிமேட்டில் போடச் சொல்லுங்கள். தனித்தனியாகப் போட்டால் பேனல்காரர் குழாயை உடைப்பார், குழாய்க்காரர் பூச்சை மிதிப்பார்.