கோபாலபுரம் தோப்பா, கொழிஞ்சாம்பாறை இடமா? விலை இறங்காத இரண்டு பேர்

தமிழக-கேரள எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கோபாலபுரத்தில் ஒரு தென்னந்தோப்பு, அந்தப் பக்கம் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு இடம். இரண்டுக்கும் சொல்கிற விலை வாய்க்கு வந்த விலைதான். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்த்தால்தான் யாரிடம் பேரம் நடக்கும் என்பது தெரியும்.

தோப்புக்காரர் மரத்தை எண்ணுவார். ஏக்கருக்கு எழுபது மரம், மரத்துக்கு இவ்வளவு காய் என்று கணக்கு நீளும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் கேரள வேர்வாடல் நோய் பரவி, மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருப்பது அந்தக் கணக்கில் வராது. மருந்து கிடையாது, வெட்டி எடுப்பதுதான் வழி. கீற்றிலைகள் விலா எலும்பு போல உள்ளே வளைந்திருப்பதைக் காட்டினால், "அது தண்ணி பத்தாததுங்க" என்பார். அப்புறம் கூட்டுப் பட்டா. "தங்கச்சி கையெழுத்துப் போட்டுரும்ங்க" என்ற வாக்கை நம்பி அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு. அந்தத் தங்கச்சி மனதில் வேறொரு விலை இருக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரர் ரோட்டோரம் யாரோ விற்ற விலையை, உள்ளே தள்ளிக் கிடக்கும் இடத்துக்குக் கேட்பார். சென்ட் கணக்கில்தான் பேசுவார். கேட்க அது சின்னத் தொகையாகத் தெரியும், நூறால் பெருக்கிப் பாருங்கள். ஆழியாறு தண்ணீரையும் விலையில் சேர்ப்பார். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. உண்டுதான், ஆனால் கடைமடைக்கு எப்போது வரும் என்பதற்கு அவர் பொறுப்பில்லை.

ஆனாலும் என் ஓட்டு இவருக்கே. இவர் விலையை உடைக்கக் காகிதம் இருக்கிறது. வில்லேஜ் ஆபீஸில் பி.டி.ஆர். (நிலவகை எழுதியிருக்கும் அடிப்படை வரிப் பதிவேடு) பாருங்கள். "புரயிடம்" (வீட்டு மனை, தோட்டம்) என்றில்லாமல் "நிலம்" என்றிருந்தால், மேலே தென்னை நின்றாலும் கணக்கில் அது வயல்தான். கேரளத்தின் 2008 நெல்வயல் சட்டப்படி, வகை மாற்றாமல் வீடு கட்ட அனுமதி வாங்குவது லேசில்லை. மாற்றக் கட்டணம், வருவாய்த் துறை அலுவலக அலைச்சல் எல்லாம் வாங்குபவர் தலையில். அதைச் சொல்லித் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம். தோப்புக்காரரிடம் நோயைச் சொன்னால் கோபம்தான் வரும்.

பதிவுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை: தமிழ்நாட்டில் 9 சதவீதம், கேரளத்தில் 10.

ஒன்று மட்டும்: கொழிஞ்சாம்பாறை இடம் டேட்டா பேங்கில் (அந்தச் சட்டப்படி வைத்திருக்கும் நெல்வயல் பட்டியல்) வயலாக ஏறியிருந்தால் பேச்சே வேறு. வீடு கட்டும் எண்ணம் இருப்பவர்கள் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொட வேண்டாம். விவசாயம் மட்டும் என்றால், வயல் விலைக்கு இறங்கினால் பார்க்கலாம்.