'ஒரே ரத்த மாதிரியில் அனைத்தும்': அந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்

பால்வினை நோய்கள் அனைத்தையும் ஒரே ரத்த மாதிரியில் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் பரிசோதனைக் கூடத்தில் பணம் கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அங்கே பணம் கட்டிப் பரிசோதனை செய்துகொண்டவன்தான். ஊசி குத்தியதில் குறையில்லை. ரிப்போர்ட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆனால் 'எப்போது நடந்தது, என்ன நடந்தது' என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆணுறை கிழிந்துபோன மறுநாளே அவர்களுடைய உதவி எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் குரலில் தேன் ஒழுகியது. "இப்போது வந்தால் எதுவும் தெரியாது சார். பத்து நாள் கழித்து வாருங்கள், முழு பேக்கேஜும் எடுத்துவிடலாம்" என்றார். எச்.ஐ.வி. தொற்றுக்கு வாய்ப்பிருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை. 'உடனே ஒரு மருத்துவரைப் பாருங்கள்' என்றுகூடச் சொல்லவில்லை. அந்த 72 மணி நேரம் பேக்கேஜுக்காகக் காத்திருந்ததிலேயே கழிந்தது. போன பணத்தைவிட எனக்கு இதில்தான் ஆத்திரம்.

ரிப்போர்ட்டில் எச்.ஐ.வி. வரிக்கு எதிரே பச்சை நிறத்தில் 'நெகட்டிவ்', அதன் கீழே 'தொற்று இல்லை' என்று இருந்தது. பத்து நாளில் அப்படி அடித்துச் சொல்லும் தகுதி எந்தப் பரிசோதனைக்கும் கிடையாது. வைரஸின் மரபணுவையே தேடும் பரிசோதனைகூடத் தொற்றைக் கண்டுபிடிக்க, அது நேர்ந்த நாளிலிருந்து 10 முதல் 33 நாள் ஆகும். கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆன்டிஜென் (வைரஸின் புரதம்), ஆன்டிபாடி (அதை எதிர்த்து உடல் உருவாக்குவது) இரண்டையும் பார்க்கும் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள். ஆன்டிபாடியை மட்டும் பார்ப்பதற்கு 23 முதல் 90 நாள். எனக்குச் செய்தது இந்தக் கடைசி ரகம். சிறிய எழுத்தில் அவர்களே அச்சிட்டிருந்தார்கள்! சிபிலிஸுக்கும் அதே பச்சை. அந்த நோயின் முதல் புண் தோன்றவே 10 முதல் 90 நாள் வரை ஆகலாம்.

ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு: 'எச்.எஸ்.வி. ஐஜிஎம், 1.2, பாசிட்டிவ்'. எச்.எஸ்.வி. என்பது கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ், ஐஜிஎம் ஒரு வகை ஆன்டிபாடி. பேக்கேஜோடு இலவசமாக வந்த தொலைபேசி ஆலோசனையில், "ஹெர்பிஸ் உறுதி, நீண்ட நாள் மாத்திரை சாப்பிட வேண்டும்" என்றார்கள். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாதவனிடம்! தூக்கம் போனது. நெருக்கமானவரிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையில் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒரு பால்வினை நோய் மருத்துவரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டை உடனே கையில் வாங்கவில்லை. முதலில் தேதியைக் கேட்டார், அடுத்து எந்த வகை உறவு என்று கேட்டார். அதன் பிறகுதான் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஹெர்பிஸ் ஐஜிஎம் புதுத் தொற்று, பழைய தொற்று என்று பிரித்துச் சொல்லாது. ஒன்றாம் வகையா இரண்டாம் வகையா என்றும் சொல்லாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸைக் கண்டும் பாசிட்டிவ் காட்டிவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்கிறது. புண் இருந்தால் அதிலிருந்து மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றையும் பரிசோதனைக் கூடத்தார் ரத்தத்தில்தான் தேடியிருந்தார்கள், அதுவும் 'நெகட்டிவ்'. இப்போது தொற்று இருக்கிறதா என்பதற்கு அந்த ரத்த ஆன்டிபாடி பதில் தராது. மருத்துவர் ஒரு சிறு குப்பியைக் கொடுத்து, ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்துவிட்டு, முதலில் வரும் கொஞ்சத்தை மட்டும் பிடித்து வரச் சொன்னார். சர்க்கரைக்கும் கிட்னிக்கும் கொடுத்த பழக்கத்தில் நடுவில் வருவதைப் பிடித்தால் கிருமி சிக்காமல் போகலாம். வாய்வழி உறவு என்றால் தொண்டையிலும், ஆசனவாய் வழி என்றால் அங்கேயும் பஞ்சுக்குச்சியால் தனியே எடுக்க வேண்டும். ஓரிடத்து நெகட்டிவ் இன்னோர் இடத்துக்குச் செல்லாது.

சிறுநீரில் கிளமிடியா பாசிட்டிவ். எந்த அறிகுறியும் இல்லை. ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலும் இப்படித்தானாம். பச்சையை நம்பியிருந்தால் இன்னொருவருக்கும் கொடுத்திருப்பேன். ஒரு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, துணைக்கும் சிகிச்சை, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. எச்.ஐ.வி.க்கு ஆன்டிஜென், ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் பரிசோதனையை 45 நாள் தாண்டியதும் எடுத்தேன். நெகட்டிவ். சிபிலிஸை மூன்று மாத முடிவில் இன்னொரு முறை பார்த்தார்கள், அதுவும் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். 'பரிசோதனைகள் அனைத்தும் தரக்கட்டுப்பாட்டு விதிகளின்படியே செய்யப்பட்டன' என்று பதில் வந்தது. இருக்கலாம். வேண்டாத பரிசோதனையையும் தரமாகவே செய்திருப்பார்கள். அதே பேக்கேஜ் இப்போது தள்ளுபடியில் போகிறது. ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் ரத்தம் கொடுக்கும் முன்பே ரத்து செய்யப் பாருங்கள். மாதிரி எடுத்த பிறகு ஒரு காசுகூடத் திரும்பி வராது.