செர்ட் டீம் கம்ப்யூட்டர் பயிற்சி: போறவங்க மார்க்க பாக்காதீங்க, ரீப்ளேவ கேட்டு வாங்குங்க

போன மாசம் எங்க வேர்ஹவுஸ் செர்ட் டீம்ல (தீ, கெமிக்கல் ஒழுகல் மாதிரி அவசரம் வந்தா முதல்ல இறங்குற கம்பெனி டீம்) நாலு பேர கம்பெனி ஒரு நாள் சிமுலேஷன் பயிற்சிக்கு அனுப்பிச்சாங்க. சென்டர் பேரு வேணாம், ஆனா போகப்போறவங்களுக்கு இது கண்டிப்பா தெரியணும்.

நாலு கம்ப்யூட்டர், நாலு ஹெட்செட். சிங்கப்பூர்ல துவாஸ் தொழிற்பேட்டை பக்கம் இருக்கிற மாதிரி ஒரு வேர்ஹவுஸ், அதுல கெமிக்கல் டிரம் ஒழுகி தீ புடிக்குது. நான் இன்சிடென்ட் கன்ட்ரோலர், அதாவது டீம வழிநடத்துறவன், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் நம்பரான 995க்கு அடிக்கிறதும் நான்தான். எங்க டீம்ல மூத்தவரு, நாங்க எல்லாரும் அண்ணேன்னு கூப்பிடுறவரு, அவரு ஹெட்கவுன்ட், எல்லாரும் வெளிய வந்துட்டாங்களான்னு எண்ணுறவரு, மத்த ரெண்டு பேரு தீயணைக்கவும் முதலுதவிக்கும். அவங்கவங்க ஸ்கிரீன்ல அவங்கவங்க இடம் மட்டும்தான் தெரியும், பேசலன்னா ஒண்ணும் நடக்காது, இது ரொம்ப நல்ல அமைப்பு, மனசார சொல்றேன்.

பிரச்சனை மார்க் போடுறதுலதான். முதல் ரவுண்டு முடிஞ்சதும் டீமுக்கு மொத்தமா 84ன்னு பச்சை கலர்ல வந்துச்சு, நீங்க எப்படி பண்ணீங்கன்னு பேப்பர்ல எழுத சொன்னாங்க, எல்லாரும் பத்துக்கு எட்டு ஒன்பதுன்னு எழுதிட்டோம். ரெண்டாவது ரவுண்டுல ஆளாளுக்கு தனி மார்க், பெரிய ஸ்கிரீன்ல எல்லார் முன்னாடியும். அண்ணேக்கு 41, சிவப்பு. அவரு தனக்கு பத்துக்கு மூணு போட்டுக்கிட்டாரு, மூணாவது ரவுண்டுல மனுஷன் வாயே திறக்கல, ஒவ்வொண்ணுக்கும் "தம்பி, செய்யலாமா?"ன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாரு. இருபது வருஷம் வேர்ஹவுஸ்ல இருந்தவரு, எனக்கு பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

டீம்ல இருந்த சின்ன பையன் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சவன், அவன்தான் ட்ரெய்னர்கிட்ட, என்எஸ்ல நாங்க ஏஏஆர், அதாவது பயிற்சி முடிஞ்சதும் உக்காந்து அலசுறது, பண்ணும்போது முதல்ல என்ன நடந்துச்சுன்னுதான் பேசுவோம், டைம்லைன் இருந்தா போடுங்கன்னு கேட்டான். போட்டாங்க. ரெண்டாவது ரவுண்டு, 2 நிமிஷம் 10 செகண்டு, அண்ணே குரல் தெளிவா கேக்குது, "ஒரு ஆள் குறையுது, லோடிங் பே பக்கம்". அந்த நேரம் நான் தீயணைக்கிறவன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். நான் பதில் சொன்னது 3 நிமிஷத்துல. அந்த 50 செகண்டு தாமதம்தான் அவரு பேருல 41ஆ விழுந்திருக்கு, தப்பு என்னோடது. அங்கயே அவருகிட்ட மன்னிப்பு கேட்டேன், "நான் சொன்னேன்ல தம்பி"ன்னு மட்டும் சொன்னாரு, அடுத்த ரவுண்டுல பழைய குரல் வந்துருச்சு.

வீட்டுக்கு வந்து இத பத்தி தேடி படிச்சேன். 1996ல க்ளூகர், டெனிசின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 600க்கு மேல முடிவுகள சேத்து பாத்திருக்காங்க, சராசரியா ஃபீட்பேக் வேலைய மேம்படுத்துது, ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல அது வேலைய கெடுத்திருக்கு, கவனம் வேலைய விட்டு 'நான் எப்படிப்பட்டவன்'ங்கிற பக்கம் திரும்புனா பலன் குறையுதுன்னு சொல்றாங்க. படிக்கும்போது அண்ணே முகம்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. அந்த 84ம் அதே மாதிரிதான், அந்த ரவுண்டுலயும் நான் ரேடியோவுக்கு லேட்டாத்தான் பதில் சொல்லிருக்கேன், பச்சை கலர பாத்து யாரும் கேக்கல.

ஹெட்செட் சுத்தம், ட்ரெய்னர் பொறுமையானவரு, ஏசிதான் ரொம்ப குளிரு, ஜாக்கெட் கொண்டு போங்க. அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்குறேன். ரீப்ளே நாங்க கேட்டதுனாலதான் வந்துச்சு, அட்டவணையிலயே இல்ல, அது முதல்லயும் மார்க் அதுக்கப்புறமும் வந்தா அஞ்சும் குடுப்பேன். புக் பண்ணும்போதே ஒவ்வொரு ரவுண்டுக்கும் டைம்லைன் வேணும், தனி மார்க்க அவங்கவங்களுக்கு மட்டும் காட்டுங்கன்னு ஈமெயில்ல எழுதி கேட்டுருங்க.