ஜிப்சி மாத் IV: 65 வயதுக்காரருக்கு ஏற்ற படகா?

பிரான்சிஸ் சிசெஸ்டர் என்ற ஆங்கிலேயர் தனியாளாக உலகைச் சுற்றிவந்த பாய்மரப் படகு இது. லண்டன் கிரீனிச்சில், தண்ணீர் இல்லாத உலர்துறையில் நிறுத்தி வைத்திருந்த காலத்தில் இந்தப் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன் நான். கப்பலில் இன்ஜினியராக இருந்தவன் கண்ணுக்கு அது அழகுதான். மகோகனிப் பலகையில் 53 அடி நீளம், ஒல்லியான உடல். ஆனால் தனியாளுக்கு, அதுவும் 65 வயதுக்காரருக்கு, இவ்வளவு நீளமா?

பிரான்சிஸ் சிசெஸ்டருக்கும் படகு பிடிக்கவில்லை. லேசான காற்றுக்கே சாயும். சுக்கானை அசைக்க யானை வேண்டும், உள்ளே நடமாட நீளக்கை சிம்பன்சி வேண்டும் என்று திட்டியிருக்கிறார். 1966 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். சிட்னிக்கு 2,000 மைலுக்கு மேல் இருக்கும்போதே, காற்றைப் பார்த்துத் தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்துபோனது. தனியாகப் போகிறவருக்கு அதுதான் இரண்டாவது ஆள். பாய்களைச் சுக்கானோடு கயிறு கட்டி இணைத்து எப்படியோ சமாளித்தார். சிட்னியில், படகு சாயாமல் தாங்கும் அடிக்கட்டையை (கீல்) மாற்றியமைத்தார்கள். அப்புறமும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையிலுள்ள டாஸ்மன் கடலில் ஒருமுறை குப்புறச் சாய்ந்து எழுந்தது.

சரி, நல்லதே இல்லையா? உண்டு. படகு சாய்ந்தாலும் நேராக நிற்கும் ஊசல் நாற்காலி, குழாய் வைத்த பீர் பீப்பாய்! இரண்டுக்கும் முழு மதிப்பெண். வேகமும் குறைவில்லை: 226 நாள் பாய்மர ஓட்டம், வழியில் ஒரே நிறுத்தம், 1967 மே மாதம் வீடு.

வயதானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 40 அடிக்குள்தான்.