கணவர் இறந்த பின் போட வேண்டிய படிவங்கள்: சொந்த போனா, இ-சேவை மையமா, புரோக்கரா, வக்கீலா?

காரியம் முடிந்த கையோடு பேப்பர் வேலை ஆரம்பித்துவிடும். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், விதவைச் சான்றிதழ், உதவித்தொகை மனு, பேங்க், பி.எஃப்., வீட்டுப் பத்திரம் என்று வரிசையாக நிற்கும். தமிழ்நாட்டில் இதில் பெரும்பாலானதை இப்போது ஆன்லைனிலேயே போடலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இடம் வேறு.

முதலில் சொந்த போன். இறப்பைப் பதிந்துவிட்டால் சான்றிதழை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், இதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. வாரிசு சான்றிதழுக்கும் விதவைச் சான்றிதழுக்கும் அரசின் இ-சேவை தளத்தில் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று வாங்கி, ஆவணங்களைப் படம் எடுத்து ஏற்றினால் மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று தானாக நகரும், எங்கே நிற்கிறது என்றும் பார்க்கலாம். வீட்டில் படித்த மகளோ மருமகனோ இருந்தால் இதுதான் நல்ல வழி. சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை, உள்ளே நிரப்பும் விவரத்தில் இருக்கிறது. இறந்தவர் பெயரின் இனிஷியல் ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, இறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்று இருந்தால் அதைத் திருத்திவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். அப்புறம் வாரிசுப் பட்டியல். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அவர் பெயரை விட்டுவிட்டால் விசாரணையில் மனு நிற்கும், பிறகு வழக்காகவும் மாறலாம்.

ஸ்கேன் செய்வது, ஓ.டி.பி. எல்லாம் தலைவலி என்றால் இ-சேவை மையம். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு 60 ரூபாய்தான் கட்டணம், ரசீதும் கிடைக்கும். ஆனால் அங்கே கூட்டம், டைப் அடிப்பவருக்கு அவசரம், அதனால் அனுப்பும் முன் திரையில் ஒவ்வொரு பெயரையும் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர்களில் விஷயம் தெரிந்த நேர்மையானவர்களும் உண்டு, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு அவர்கள் பெரிய உதவி. நான் வேண்டாம் என்பது புரோக்கரை. 60 ரூபாய் வேலைக்குப் பல மடங்கு வாங்குவது ஒரு பக்கம், அதைவிட மோசம், மனுவில் தன் மொபைல் எண்ணைப் போட்டுவிடுவது. பிறகு மனு நிராகரிக்கப்பட்டாலும் சான்றிதழ் வந்தாலும் எஸ்.எம்.எஸ். அவருக்குத்தான் போகும், நீங்கள் ஒவ்வொரு முறையும் அவர் பின்னால் அலைய வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் உங்கள் எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணவரின் சிம்மையும் உடனே விட்டுவிடாதீர்கள், பேங்க் செய்திகள் பலவும் அதில்தான் வரும்.

பி.எஃப். தனிக் கதை. கணவர் உயிரோடு இருந்தபோதே ஆன்லைனில் நாமினி பதிந்திருந்தால் மனைவியே இணையத்தில் கோரலாம், இல்லாவிட்டால் பேப்பர் படிவம். பணத்துக்குப் படிவம் 20, மாத ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐ.எஃப்., மூன்றும் கேட்க வேண்டும். அந்தக் காப்பீட்டில் தகுதியைப் பொறுத்து 7 லட்சம் வரை வரலாம், ஆனால் பலர் முதல் படிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இதைக் கமிஷன் பேசும் ஆளிடம் கொடுக்கவே கூடாது, கம்பெனியின் மனிதவளத் துறையிடமும் பி.எஃப். அலுவலகத்திலும் நேரடியாகவே கேளுங்கள். ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயானது, அதற்கு இ-சேவை மையம் போதும்.

கடைசியில் தனியார் சட்டத் தளங்கள். பெயரையும் முகவரியையும் நிரப்பினால் உறுதிமொழிப் பத்திரம், பேங்குக்கான ஆட்சேபமில்லாக் கடிதம் எல்லாம் சில நிமிடத்தில் வந்துவிடும். சாதாரணக் கடிதத்துக்குச் சரி. ஆனால் சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு வேண்டவே வேண்டாம். பதிவுத் துறைத் தளத்திலேயே மாதிரிப் பத்திரங்கள் இருக்கின்றன, அதனால் வாசகம் கிடைப்பது கஷ்டமில்லை. உங்கள் பங்கு எவ்வளவு, அதை ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள், பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கு என்னாகும் என்று எந்த மாதிரியும் கேட்காது. கொழுந்தனார் "ஒரு கையெழுத்துதான் அண்ணி" என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பத்திரத்துக்குத்தான். பதிந்துவிட்டால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். இங்கே மனிதராக ஒரு வக்கீல் வேண்டும்.

காசில்லையே என்பவர்களுக்கு: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எவ்வளவு நெருங்கிய சொந்தம் அவசரப்படுத்தினாலும் பத்திர நகலை வாங்கிக்கொண்டு முதலில் அங்கே போய்க் காட்டுங்கள், கையெழுத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.