ஐசரா, ஊர் காலேஜ் சுவாலஜியா, பயோடெக்கா?

நீட் கை விட்டதும் பயாலஜி புடிச்ச புள்ளைங்க எல்லாரும் கேக்குறது "எதுக்கு ஸ்கோப் இருக்கு"ன்னுதான். 17 வயசுல ஜெனிடிக்ஸா ஈகாலஜியா நியூரோவான்னு யாருக்கும் தெரியாது, தெரியணும்னும் இல்ல. அதனால நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், எந்த டிகிரி அந்த முடிவ கொஞ்ச நாள் தள்ளிப்போட விடுது?

அந்தக் கணக்குல ஐசர்தான் (மத்திய அரசோட அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) முன்னாடி நிக்குது. திருப்பதி, திருவனந்தபுரம், புனேன்னு மொத்தம் 7 இடத்துல இருக்கு, இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த 5 வருஷ பிஎஸ்-எம்எஸ். ஆரம்பத்துல பயாலஜியோட பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் எல்லாம் படிச்சுட்டு அப்புறம்தான் மேஜர், கடைசி வருஷம் லேப்ல உக்காந்து தீசிஸ். ஆனா ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்து +1லயே மேத்ஸ விட்டவங்க கவனிங்க, ஐசரோட ஐஏடி நுழைவுத்தேர்வுல 60 கேள்வில 15 மேத்ஸ், தப்பா போட்டா மைனஸ் வேற, அதத் தாண்டி உள்ள போனாலும் கால்குலஸ் விடாது. முடியாதுன்னு சொல்லல, லீவுலயே ஆரம்பிச்சுடுங்க.

ஐசர் கிடைக்கலன்னா என் ஓட்டு சுவாலஜிக்கோ பாட்டனிக்கோதான். இத பழைய கோர்ஸ்னு ஒதுக்குறாங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். செல் பயாலஜி, ஜெனிடிக்ஸ், பிசியாலஜி, ஈகாலஜி, எவல்யூஷன்னு 3 வருஷத்துல எல்லாத்தையும் தொட்டுடுவீங்க. கரப்பான்பூச்சியோட வாயுறுப்ப ஒவ்வொண்ணா பிரிச்சு ஸ்லைடுல மவுண்ட் பண்றப்போ மேண்டிபிள் எது மேக்ஸில்லா எதுன்னு கையே கத்துக்கும், பாட்டனி லேப்ல தண்ட பிளேடால மெல்லிசா சீவி சஃப்ரனின் சாயம் விட்டு பாத்தா சைலம் செவப்பா எடுத்துக் காட்டும், இந்தப் பழக்கம் எந்த ஸ்பெஷலைசேஷன் போனாலும் கூட வரும். அப்புறம் மன்னம்பந்தல் ஏவிசி காலேஜ்ல வைல்ட்லைஃப் பயாலஜி, பரங்கிப்பேட்டைல அண்ணாமலை யுனிவர்சிட்டியோட மரைன் பயாலஜி, இல்ல ஜாம்ங்கிற எம்எஸ்சி நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடி பக்கம்னு எம்எஸ்சில பிரிஞ்சுக்கலாம். குறைன்னா ரிசர்ச் அனுபவம்தான், பல காலேஜ்ல ப்ராஜெக்ட் பேருக்குத்தான் நடக்கும், அதனால சயின்ஸ் அகாடமிகள் குடுக்குற சம்மர் ஃபெலோஷிப்புக்கு கண்டிப்பா அப்ளை பண்ணுங்க.

பயோடெக்? பேரு பளபளன்னு இருக்கு, மாலிக்யூலர் பயாலஜிதான் வேணும்னு தெளிவா இருக்குறவங்களுக்கு நல்ல கோர்ஸ்தான். ஆனா மத்தவங்களுக்கு சீக்கிரமே கதவ சாத்துற மாதிரி. பின்னாடி ரிசர்ச் ஃபெலோஷிப்புக்கும் காலேஜ் வாத்தியார் வேலைக்குமான தகுதித் தேர்வு சிஎஸ்ஐஆர் நெட் எழுதுறப்போ எல்லாருக்கும் ஒரே லைஃப் சயின்சஸ் பேப்பர்தான், மூலக்கூறுல ஆரம்பிச்சு ஈகாலஜி, எவல்யூஷன் வரைக்கும் 13 யூனிட், காலேஜ்ல ஈகாலஜிய தொடாம வந்தவங்க அப்ப புதுசா படிக்கணும். கவர்மென்ட் டீச்சர் வேலை மனசுல இருந்தா எந்த டிகிரி சுவாலஜிக்கு இணைன்னு அரசாணைய பாத்துட்டு சேருங்க. அட்மிஷன் அன்னைக்கே பயோடெக் லேப்ப காட்டச் சொல்லுங்க, டிஎன்ஏவ நகலெடுக்குற பிசிஆர் மெஷின் இருந்தா மட்டும் பத்தாது, அத யூஜி பசங்க கைல குடுக்குறாங்களான்னு அங்கயே படிக்கிற செகண்ட் இயர் பசங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.