சிக்கரி இனுலின் பொடி: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் பொடியைச் சில ஆண்டுகளாக மோரில் கலந்து குடித்து வருகிறேன். தீராத மலச்சிக்கலுக்காகத் தொடங்கினேன். அந்த ஒரு காரியத்தை அது ஒழுங்காகச் செய்கிறது. எடை குறையும், நோய் எதிர்ப்பு பெருகும், சருமம் மினுங்கும் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை நம்பி மட்டும் இதை வாங்காதீர்கள். அப்படி எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை.

இனுலின் என்பது பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த நார்ச்சத்து. வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. சிக்கரி வேரில் மிகுதி. அந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி நம் உடலில் கிடையாது. ஆகவே செரிக்காமல் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு வந்துவிடுகிறது. அங்கிருக்கும் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியாவிடம் அந்த நொதி இருக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில், 1899இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி திசியே கண்டறிந்த இனம் இது. இனுலினைத் தின்று பெருகும்போது அசிட்டேட், லாக்டேட் என்ற அமிலப் பொருள்களை வெளியே விடுகிறது. அதற்கு அடுத்து நடப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. அது விட்டதை வேறு பாக்டீரியாக்கள் எடுத்துப் பியூட்ரேட் என்ற இன்னொரு அமிலப் பொருளாக மாற்றுகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருளே அந்தப் பியூட்ரேட்தான். மோரில் கரைத்த பொடி இத்தனை கை மாறி என் குடல் சுவருக்கே உணவாகிறது! நல்ல பாக்டீரியாக்களைத் தேர்ந்து வளர்க்கும் இத்தகைய பொருள்களுக்கு ‘ப்ரீபயாட்டிக்’ என்று 1995இல் பெயர் வைத்தவர்கள் கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும்.

அரை டீஸ்பூனில் தொடங்கினேன். அளவைக் கூட்டிய ஒவ்வொரு தடவையும் சில நாள்களுக்கு மாலையில் வயிறு உப்பும், கடமுடவென்று சத்தம் கேட்கும். பிறகு தானாக அடங்கிவிடும். பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாவது இயல்பு, அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவசரம் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஏற்றுக்கொண்டது நாளொன்றுக்கு 12 கிராம் சிக்கரி இனுலின். அதுவும் மலம் கழியும் தடவைகள் கூடும் என்ற ஒரே பயனுக்கு. எனக்கு ஏறக்குறைய அதில் பாதியே போதுமானதாக இருக்கிறது.

வெளியூரில் தங்க நேர்ந்து சில வாரங்கள் நிறுத்தியபோது பழைய தொல்லை திரும்பிவிட்டது. இனுலினை நிறுத்தினால் பெருகிய பிஃபிடோபாக்டீரியா பழைய அளவுக்கே இறங்கிவிடும் என்பது ஆய்வுகளிலும் தெரிந்ததுதான். சில மாதம் குடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவும்.

பொடி வெண்மையாக, நைஸாக, இலேசான இனிப்புடன் இருக்கும். குளிர்ந்த மோரில் நேரே கொட்டினால் மேலே மிதந்து சிறு சிறு உருண்டையாகக் கட்டிக்கொள்ளும்; கரண்டியால் நசுக்கினாலும் உள்ளே உலர்ந்த மாவு அப்படியே நிற்கும். வெதுவெதுப்பான நீர் கொஞ்சம் விட்டுக் குழைத்து, அதன்பின் மோரை ஊற்றினால் சுவடு தெரியாமல் கரைகிறது. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி டப்பாவோடு கெட்டிப்பட்டுவிடும், ஈரக் கரண்டி பக்கமே போகக்கூடாது. ரசத்தில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் சங்கிலி அறுந்து, பாக்டீரியாவுக்குப் போகவேண்டியது வெறும் சர்க்கரையாகக் கரையத் தொடங்கும்.

எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. என் அத்தைக்கு ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோய் இருக்கிறது. நான் குடிப்பதைப் பார்த்துக் கேட்டு வாங்கிக் கொஞ்சம் குடித்தார். அன்றிரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வெங்காயச் சாம்பார் சாப்பிட்டாலும் அவருக்கு இதேபோல்தான் ஆகும். இரண்டிலும் இருப்பது ஒரே வகை நார்ச்சத்து. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் மாவுச்சத்து, சர்க்கரை வகைகளைக் குறைப்பதற்காக ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் உணவுமுறையில் வெங்காயம், பூண்டு, இனுலின் மூன்றையும் குறைக்கச் சொல்வது இதனால்தான். அந்த நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

தாவரத்திலிருந்து வருவதெல்லாம் பாக்டீரியாவுக்கு உணவு என்று சொல்வதும் சரியல்ல. பூண்டை நசுக்கினால் உண்டாகும் அல்லிசின் கிருமிகளைக் கொல்லக்கூடியது. அதே பூண்டின் நார்ச்சத்து பிஃபிடோபாக்டீரியாவை வளர்க்கிறது. மாதுளையில் உள்ள எல்லாஜிடானின் என்ற துவர்ப்புப் பொருளைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற வேறு சேர்மங்களாக மாற்றுகின்றன, ஆனால் எல்லோர் குடலிலும் அது நடப்பதில்லை. இதனால்தான் ஒரே டப்பாவை நம்பி இருக்காமல் பயறு, வாழைக்காய், மாதுளை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறேன். வெறும் பொடியோடு இருந்த நாள்களைவிட வயிறு இப்போது இலகுவாக இருக்கிறது.

சிக்கரி காபி குடித்தாலே போதாதா என்று வீட்டிலேயே கேட்டார்கள். காபிப் பொடியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி சேர்க்க நம் நாட்டு விதி இடம் தருகிறது. ஆனால் வேரைக் கருக வறுக்கும்போது இனுலினில் பெரும்பங்கு சிதைந்துவிடுகிறது. காபியின் நிறமும் கசப்பும் வருவதே அந்த வறுவலால்தான். அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

வாங்கும்போது ‘நீளச் சங்கிலி’ வகையா என்று பாருங்கள். குட்டைச் சங்கிலி இனிப்பு கூடியது, பெருங்குடலின் தொடக்கத்திலேயே வேகமாக நொதித்து வாயுவைக் கிளப்பும். நீளமானது மெதுவாக நொதிக்கிறது. என் வயிற்றுக்கு அதுதான் ஒத்துப்போகிறது.